ஒரு பிடி

பல் டொக்டர் சுகிர்தனின் நீல மஸ்டாவுக்குக்
கிளச் பிளேட் மாற்றியது நான்தான்.
இரண்டே இருக்கை. தாழ்ந்த வயிறு.
பின்சில்லு உதைத்து ஓடுகிற சாதி.
கல்முனைக்குள் அவர் அதை
ஐம்பதைத் தாண்ட விட்டதில்லை.
ஓடிப் பார்த்துவிட்டுக் கொடு என்றார் முதலாளி.
ஓடித்தான் பார்த்தேன்.

பங்குனி. விடிய ஐந்தே முக்கால்.
காரைதீவுச் சந்தியில் ஒரு நாய், பிறகு யாருமில்லை.
சம்மாந்துறை முடியும்வரை நல்ல பிள்ளை.
வீரமுனை கழிந்து
இரண்டு பக்கமும் வயல் விரிந்ததும்
மூன்றாம் கியரில் ஒரு மிதி.
முதுகை இருக்கையோடு வைத்துத் தைத்தது.
நூற்றிப் பத்து. நூற்றி இருபது.
எனக்கென்று இருப்பது
தவணை முடியாத ஒரு மோட்டார் சைக்கிள்.

வளைவு பெரிதொன்றுமில்லை.
அம்பாறை பஸ்காரன்
வெற்றிலை மடித்துக்கொண்டே எடுப்பான்.
அதற்கப்பால் தார் மஞ்சளாயிருந்தது.

நெல்.
பாதி றோட்டுக்கு, கண்ணுக்கெட்டிய மட்டும்.

வலப்பக்கம் ஒடித்தேன்.
முன்சில்லு இரண்டும் தப்பின,
பின்னால் ஒன்று தப்பவில்லை.
பயத்தில் காலை எடுத்தேன்.
அதுதான் பிழை.
எடுத்ததும் தெரிந்தது,
கண்ணுக்கல்ல, கைக்கல்ல,
இடுப்புக்கு:
கீழே இருந்த எதுவோ இப்போது இல்லை.

ஒவ்வொரு நெல்மணியும்
தனக்கென்று ஒரு சில்லாகி
தன்தன் திசைக்கு உருண்டது.
பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது.
இடப்பக்கம் திருப்பினேன்,
அது கேட்டது,
கூடக் கேட்டது,
மறுபக்கம் வீசி எறிந்தது.
முன்கண்ணாடியில் இருந்த மலை
பக்கக் கண்ணாடிக்கு வந்தது.
பிறகு வாய்க்கால். பிறகு கொக்குகள்.
பிறகு நான் வந்த வழி.
காருக்கடியில் மழை பெய்தது, கீழிருந்து மேலே.
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்
திருவிழாவில் தொலைந்த பிள்ளை
யாருடையதோ விரலைப் பிடித்திருப்பதுபோல.

நின்றது.

எஞ்சின் செத்த அமைதியில்
டக், டக்கென்று ஒரு சத்தம்.
சைலன்சரில் ஒட்டிய நெல்
பொரிந்துகொண்டிருந்தது.
நல்ல வாசம். அதற்காக வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் வலையைப் பார்த்தேன்.
கிலோமீட்டர்க் கல்லில் ஒரு முனை,
குத்திய தடியில் மறுமுனை,
நடுவில் நுளம்பு வலை.
அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பொடியன்,
பன்னிரண்டு வயதிருக்கும்,
போனோடு வெளியே வந்தான்.
என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.
“இன்னொருக்காச் செய்வீங்களா?” என்றான்.
“எடுக்கேலாமப் போச்சு.”

வாய்க்காலில் முகம் கழுவப் போன வாப்பா
சாரத்தில் கை துடைத்தபடி ஏறி வந்தார்.
நெல்லைப் பார்த்தார்.
“எட்டு மரைக்கால் போச்சு.
கல்லுக் கலந்தா மில்லுல எடுக்க மாட்டான்.”
நியாயமான கணக்கு. பேர்ஸைத் தேடினேன்.
அவர் டயருக்குக் கிட்டப் போனார்.
குதியும் விரலும் முட்ட
ஒவ்வொரு பாதமாய் வைத்து
வலைவரை நடந்தார்.
ஏழு.
திரும்பி வந்தும் அளந்தார்.
அதன்பிறகு காசைப் பற்றிப் பேசவேயில்லை.
“அஸ்கீ, விளக்குமாத்த எடு” என்றார்,
குரல் வேறு யாருடையதோ மாதிரி.

மூன்று பேரும் கூட்டினோம்.
தார்மேல் கறுப்பாய்க் கிடந்த இரண்டு கோடுகளை
நெல் மூடிற்று.
நான் நீட்டிய தாள்களை
அவர் வாங்கவுமில்லை, தள்ளவுமில்லை.
கல்லுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்,
முப்பதில்.
பின்னால் வந்த உழவு மெஷின் ஹோர்ன் அடித்து முந்தியது.

ஒன்பது மணிக்கு டொக்டர் வந்தார்.
“எப்படி ஓடுது?”
“பின் டயர் இரண்டும் மாத்தணும் சேர், பிடி இல்லை.”
பொய்யில்லை.
ஆனால் அவர் போனபிறகு
சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
கொட்டியது உள்ளங்கையில் நிறைந்தது.
அதுவும் ஒரு பிடிதான்.

இரவில் மனைவி கேட்கிறாள்,
நித்திரையில் ஏன் காலை உதறுகிறாய் என்று.
உதறவில்லை.
எடுக்காமல் வைத்திருக்கப் பார்க்கிறேன்.